மூன்றாம் மாடிக் கதவு

உள்ளே வந்த பெண் வணக்கம் கூடச் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு நீலச் சட்டை. காலரிலிருந்து பாக்கெட் வரை ரத்தம் காய்ந்து துணி விறைத்துப் போயிருந்தது.

"என் வீட்டுக்காரரோடது," என்றாள். "கொலை நடந்த அன்னைக்குப் போட்டிருந்த சட்டை போலீஸ்கிட்ட ஆதாரமா இருக்கு. இது அதுக்கப்புறம் மாத்திக்க நான் கொண்டுபோய்க் கொடுத்தது. இதுல இருக்கிற ரத்தம் அவரோடது."

நாற்காலியில் இருந்தவர் அவளை உட்காரச் சொன்னார். அவரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகத் தீ விபத்துகளை ஆராய்ந்தவர், இப்போது தனியாகத் துப்பறிகிறார். எரிகிற கட்டடத்துக்கு எதிரே நின்று டீயை முழுவதும் குடித்துவிட்டு, தீ எந்த அறையில் பிடித்தது என்று சொன்னாராம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். பக்கத்தில் இருந்தவர் அவருடைய மனைவியின் தம்பி. நாற்பத்தைந்து வயதாகிறது. வண்டி ஓட்டுவது, போட்டோ எடுப்பது, அவசரப்பட்டுக் குற்றவாளியைக் கண்டுபிடிப்பது, இந்த மூன்றும் மைத்துனரின் வேலைகள். சராசரியாக ஒரு வழக்குக்கு நான்கு பேரைக் கண்டுபிடித்துவிடுவார்.

"ஸ்டேஷன்ல மூஞ்சியில அடிச்சு, மூணு விரலையும் ஒடிச்சிட்டாங்க," என்றாள் அந்தப் பெண். "இன்னும் ஏழு இருக்குன்னு சொன்னாங்களாம். நாளைக்குக் காலையில கையெழுத்துப் போட்டுடுவார் சார். செய்யாத கொலையைச் செஞ்சேன்னு எழுதிக் கொடுத்துடுவார். எனக்குத் தெரியும், அவருக்கு வலி தாங்காது. ஊசி போட்டாலே முகத்தைத் திருப்பிக்கிற ஆளு."

அவள் சொன்ன கதை இது. புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே கம்பெனியில் வேலை. வீடுகளுக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்று, பழுது பார்க்கும் கம்பெனி. போனில் புகாரை வாங்கிக் கம்ப்யூட்டரில் பதிவது அவள். பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழுது பார்ப்பது அவன். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு தையல்காரியின் வீட்டுக்குப் போனான். மெஷினைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு வால்வு உடைந்திருந்தது. அதை வாங்கி வர, பதினொன்று நாற்பதுக்குக் கருவிப்பையை அங்கேயே வைத்துவிட்டுக் கிளம்பினான். பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது. தையல்காரி தரையில் கிடந்தாள். அவனுடைய பைப் ரெஞ்சால் யாரோ அவள் மண்டையை உடைத்திருந்தார்கள். இந்த மனிதன் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கத்தியிருக்கிறான். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தது அந்தக் காட்சியைத்தான்.

"அந்தம்மாவுக்குப் புருஷன்?" என்று கேட்டார் நிதானம்.

"இருக்கான். இரும்பு கடையுற லேத் பட்டறை வச்சிருக்கான். எட்டு மாசம் முன்னாடி இரும்புத் தடியால அடிச்சு அந்தம்மா தாடையை உடைச்சான். அதோட ஓடி வந்தவங்க அவங்க. போலீஸ் அவனையும் கேட்டுச்சு. அவ எங்க இருக்கான்னே எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டான். அந்தம்மா விலாசத்தை யாருக்குமே கொடுக்கலையாம், கூடப் பிறந்தவங்களுக்குக் கூட. அது போக, எங்க கம்பெனி விற்பனை அதிகாரி அன்னைக்கு ஒரு மணி வரைக்கும் அவன் பட்டறையிலதான் இருந்திருக்கார். அவரே சாட்சி சொல்லிட்டார்."

"விலாசம் தெரியாத புருஷன், விலாசம் தெரிஞ்ச மெக்கானிக்," என்றார் மைத்துனர். "அத்தான், இதுல..."

"மாப்ள, வண்டியை எடுங்க," என்றார் நிதானம்.

இன்ஸ்பெக்டருக்கு நிதானத்தைப் பழைய தீ வழக்குகளிலிருந்து தெரியும். பிடித்த ஆள் பிடித்ததுதான் என்ற திமிர் இருந்தாலும், வீட்டைப் பார்க்க அனுமதி கொடுத்தார். அது நான்கு மாடிக் கட்டடம், மாடிக்கு ஒரே வீடு, லிஃப்ட் கிடையாது. தையல்காரியின் வீடு இரண்டாவது மாடியில்.

ஜன்னலோரம் தையல் மிஷின். அதன் ஊசிக்கடியில் பாதி தைத்த பள்ளிச் சீருடை ஒன்று இன்னும் மாட்டிக்கொண்டிருந்தது. பெடல் பக்கத்தில் ஒற்றைச் செருப்பு. மிஷினிலிருந்து சமையலறை வாசல் வரை தரையில் ரத்தம் இழுபட்டிருந்தது. சுவரில் இடுப்பு உயரத்துக்குத் தெறித்திருந்தது. மொத்தம் பதினோரு அடி விழுந்ததாக மருத்துவர் எழுதியிருந்தார். முதல் இரண்டிலேயே உயிர் போயிருக்கும். மீதி ஒன்பதும் செத்த உடம்பின்மேல் விழுந்தவை. மைத்துனர் போட்டோ எடுக்கக் கேமராவைத் தூக்கினார், பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"திருடன் பதினோரு தடவை அடிக்க மாட்டான்," என்றார் நிதானம். "மெக்கானிக்கும் அடிக்க மாட்டான். அவளை ரொம்ப நாளா அடிக்கக் காத்திருந்தவன் அடிச்ச அடி இது."

காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் தொண்டையைச் செருமினார். "சார், மேல் வீட்டுக் கதவையும் உடைச்சிருக்கு. அன்னைக்கேதான். அந்த வீட்டு டீச்சர் வேலைக்குப் போயிருந்தாங்க. எதுவும் திருடு போகலை. கொலை பண்ணிட்டு மெக்கானிக் திருடப் போயிருப்பான்னு இன்ஸ்பெக்டர் எழுதிட்டார்."

மூன்றாம் மாடிக்குப் போனார்கள். நேர் மேலே இருக்கும் வீடு. தாழ்ப்பாள் பெயர்ந்து தொங்கியது. கதவின் நடுவே காலால் உதைத்த தடம். உள்ளே கட்டில் ஒருக்களித்துக் கிடந்தது. பீரோ திறந்திருந்தது, தொங்கிய சேலைகள் எல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டிருந்தன. குளியலறைக் கதவும் உடைந்திருந்தது. ஆனால் நகைப்பெட்டி மேஜைமேல் வைத்தது வைத்தபடி இருந்தது. எங்கேயும் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"கட்டிலுக்கு அடியில, துணிக்குப் பின்னாடி, குளியலறையில," என்றார் நிதானம். "இங்கெல்லாம் யாராவது பொருளைத் தேடுவாங்களா மாப்ள?"

மைத்துனர் யோசித்தார். "ஆளைத் தேடியிருக்கான்."

"கை காலெல்லாம் ரத்தமா இருக்க வேண்டியவன், இங்க ஒரு கறை கூட வைக்கலை. அப்படின்னா இது முதல்ல நடந்தது. கொலை அதுக்கப்புறம்." அவர் குனிந்து வாசல் மிதியடியிலிருந்து எதையோ பொறுக்கி எடுத்தார். நீலம் பாய்ந்த, சுருண்ட ஒரு மெல்லிய இரும்புச் சீவல். கான்ஸ்டபிளின் கண்முன்னாலேயே அதைக் கவரில் போட்டு, அவரிடமே கொடுத்தார்.

"லேத் சீவல்," என்றார் மைத்துனர் பரபரப்பாக. "புருஷன்தான் அத்தான். முடிஞ்சுது."

"முடியலை. அவனுக்கு விலாசம் எப்படிக் கிடைச்சுதுன்னு தெரியாத வரைக்கும், வக்கீல் இதைச் செருப்புல ஒட்டின குப்பைன்னு சொல்லிட்டுப் போயிடுவான். அது போகட்டும். விலாசம் தெரிஞ்சு வந்தவன் ஏன் ஒரு மாடி அதிகமா ஏறினான்?"

மத்தியானம் கம்பெனிக்குப் போனார்கள். புகார்ப் பிரிவு என்பது ஒரு கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி. அந்தப் பெண் உட்கார்ந்து, செவ்வாய்க்கிழமைப் புகாரைத் திரையில் திறந்தாள். தெரு, கட்டடம் எல்லாம் சரியாக இருந்தன. மாடி என்ற கட்டத்தில் மூன்று என்று இருந்தது.

"தப்பா இருக்கே," என்றார் மைத்துனர். "ரெண்டாவது மாடிதானே?"

"தப்பில்லைங்க. எங்க சாஃப்ட்வேர்ல தரைத்தளமே கிடையாது. தேர்ந்தெடுக்கிற பட்டியல் ஒண்ணுலதான் ஆரம்பிக்கும். அதனால தரையை ஒண்ணுன்னு வச்சு, ஒண்ணு ஒண்ணு கூட்டிப் போட்டுடுவோம். மெக்கானிக் எல்லாரும் ஒண்ணு கழிச்சுட்டுதான் படி ஏறுவாங்க. புதுசா சேர்றவங்களுக்கு முதல் நாள் பாடமே இதுதான். சரி பண்ணச் சொல்லி ரெண்டு வருஷமா எழுதிப் போட்டுட்டிருக்கோம், யார் காதுல விழுது?"

நிதானம் மாடி என்ற கட்டத்தின்மேல் விரலை வைத்தார். பிறகு, "கழிக்கணும்னு யார் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"படி ஏறுறவங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மத்தவங்களுக்கு மாடியைப் பத்தி என்ன கவலை?"

"அப்ப மூணாவது மாடிக் கதவை உடைச்சவன், இந்தப் பதிவைப் பார்த்தவன். ஆனா மெக்கானிக் இல்லை. உங்க வீட்டுக்காரர் அன்னைக்குக் காலையில நேரா ரெண்டாவது மாடிக்கே போயிருக்கார். சரி, புகாரோட நம்பர் தெரியாத ஒருத்தர் இதைப் பார்க்க முடியுமா?"

அவள் விளக்கினாள். பதிவுகள் மூன்று அடுக்கு. மேலே வீடு, அதாவது மெஷின் வாங்கிய குடும்பம். வீட்டுக்குக் கீழே அதைச் சேர்ந்த ஆட்கள். ஒவ்வொரு ஆளுக்கும் கீழே அவர்கள் கொடுத்த புகார்கள். தையல்காரி புது வீட்டிலிருந்து போன் செய்தபோது, அவளுடைய எண்ணை வைத்து சாஃப்ட்வேர் அவளைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. புது விலாசத்தோடு புகார் அவள் பெயருக்குக் கீழே ஏறியது. அவளோ இன்னும் பட்டறைக்காரன் வீட்டுக்குக் கீழே, மனைவி என்ற உறவோடு தொங்கிக்கொண்டிருந்தாள். அந்த முடிச்சை யாரும் அவிழ்க்கவில்லை.

"முன்னாடியெல்லாம் வீட்டோட பக்கத்தைத் திறந்தா, நேரா அந்த வீட்டு மேல பதிஞ்ச புகார் மட்டும்தான் தெரியும்," என்றாள். "ஆளுங்க மேல பதிஞ்சது தெரியாது. யாராவது போன் பண்ணி, என் தம்பி கொடுத்த புகார் என்னாச்சுன்னு கேட்டா, ஒவ்வொரு ஆளா திறந்து திறந்து பார்க்கணும். லைன்ல இருக்கிறவங்க வாய்க்கு வந்தபடி திட்டுவாங்க. அதனால ரெண்டு வாரம் முன்னாடி வீட்டுப் பக்கத்துக்கு அடியிலேயே ஒரு பட்டியல் போட்டாங்க. அந்த வீட்டு ஆளுங்க, அவங்க கொடுத்த புகார், எல்லாம் ஒரே இடத்துல."

"யார் கேட்டுப் போட்டாங்க?"

"நாங்க கேட்டோம்."

அந்தக் கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு நாற்காலிதான் இருந்தது. நிதானம் அந்த நாற்காலியைப் பார்த்தார், வேறொன்றும் கேட்கவில்லை. "பட்டறைக்காரன் வீட்டைத் திறங்க," என்றார்.

திறந்தாள். பக்கத்தின் அடியில் புதுப் பட்டியல். அதில் ஒரே ஒரு வரி. உறவு: மனைவி. தெரு, கட்டடம். மாடி: மூன்று. அவள் கை சுட்டுக்கொண்டதுபோல் மவுசிலிருந்து விலகியது.

"இந்தப் பக்கத்தை யார் எப்பத் திறந்தாங்கன்னு தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டார் நிதானம்.

தெரிந்தது. செவ்வாய்க்கிழமை பதினொன்று நாற்பத்திரண்டு, விற்பனை அதிகாரியின் டேப்லெட். அதே டேப்லெட்டில் அடுத்த பதிவு, பன்னிரண்டு பத்துக்கு, ஒரு பல் ஆஸ்பத்திரியில் புது மெஷினுக்கு வாடிக்கையாளரிடம் வாங்கிய கையெழுத்து.

"அதிகாரிதான் கொலைகாரன்," என்றார் மைத்துனர்.

"இது மூணாவது ஆளு," என்றார் நிதானம்.

இன்ஸ்பெக்டரிடம் சொல்லி நிதானம் வரவழைக்க, நான்கு மணிக்குக் கம்பெனியின் கூட்ட அறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விற்பனை அதிகாரி டையைத் தளர்த்தித் தளர்த்தி இறுக்கினார். பட்டறைக்காரன் வாட்டசாட்டமான ஆள். குரல் மட்டும் பஞ்சு மாதிரி. "என் பொண்டாட்டி போயிட்டா சார்," என்று எல்லோரிடமும் பொதுவாகச் சொன்னான். "நான் இடிஞ்சு போயிருக்கேன்."

நிதானம் மூன்றாம் மாடிக் கதவில் ஆரம்பித்தார். ரத்தக் கறை இல்லாத அறை, ஆளைத் தேடிய அலங்கோலம், தரைத்தளம் இல்லாத மாடிக் கணக்கு, வீட்டுப் பக்கத்தின் அடியில் புதிதாக முளைத்த பட்டியல், எல்லாவற்றையும் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"ஒரு ஆளோட மனைவியைப் பத்தின தகவல், அவன் பக்கத்துல நேரடியா இல்லை," என்றார். "அவன் வீட்டுக்குக் கீழ அவ, அவளுக்குக் கீழ புகார், புகாருக்குள்ள விலாசம். மூணு கதவு தள்ளி இருந்ததை ஒரே கதவுல கொண்டுவந்து வச்சுட்டாங்க. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வேலை சீக்கிரம் முடியட்டும்னுதான். அதிகாரி சார், நீங்க ஒரு மணி வரைக்கும் பட்டறையில இருந்ததாச் சொன்னீங்க. பன்னிரண்டு பத்துக்குப் பல் ஆஸ்பத்திரியில கையெழுத்து வாங்கினது யாரு?"

அதிகாரி பக்கத்திலிருந்த பட்டறைக்காரனைப் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"பழைய மெஷினை மாத்திக்கோங்கன்னு பேசப் போனேன்," என்றார். "அவர் பக்கத்தைத் திறந்து டேப்லெட்டை அவர் கையிலேயே கொடுத்தேன். அடியில அப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்கே தெரியாது சார். அவர் படிச்சார். ரெண்டு தடவை படிச்சார். ஒரு வேலை இருக்குன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டார். சாயங்காலம் போன் வந்துச்சு. நீதான் விலாசத்தைக் காட்டினே, உன் வேலையும் போகும், நீயும் உள்ள போவே, ஒரு மணி வரைக்கும் என்கூட இருந்ததாச் சொல்லிடுன்னு..."

அவர் முடிக்கவில்லை. பட்டறைக்காரன் அவருடைய டையைப் பிடித்து இழுத்து, முகத்தை மேஜையில் மோதினான். மறுபடியும் மோதினான். பல் உடையும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மைத்துனர் மேஜையைத் தாண்டி அவன் முதுகில் பாய்ந்தார். ஒரே முழங்கை இடியில் மூக்கு உடைந்து சுவரோரம் போய் விழுந்தார். பட்டறைக்காரன் தண்ணீர் ஜக்கை மேஜை விளிம்பில் உடைத்து, அந்தக் கண்ணாடியோடு புகார்ப் பெண்ணின் பக்கம் திரும்பினான். அவள் நகரவில்லை. நாற்காலியைத் தூக்கி அவன் முழங்காலில் தன் பலம் முழுவதையும் சேர்த்து அடித்தாள். அவன் மடிந்து விழுந்தபோது இன்ஸ்பெக்டரின் லத்தி அவன் மணிக்கட்டில் இறங்கியது.

தரையில் அழுத்திப் பிடித்து விலங்கு மாட்டும்போது கூட அவன் குரல் உயரவில்லை. "என் பொண்டாட்டி எங்க இருக்கான்னு தெரிஞ்சுக்க எனக்கு உரிமை இல்லையா சார்?" என்று கேட்டான். "மேல போய்த் தேடுறேன், கீழ இருந்து மிஷின் சத்தம் கேக்குது. நான் வாங்கிக் கொடுத்த மிஷின். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? கதவைத் திறந்து போட்டுட்டு, எவனோ வருவான்னு உக்காந்திருக்கா."

அவள் காத்திருந்தது ஒரு வால்வுக்காக. அதை அவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவன் பூட்ஸைத் திருப்பிப் பார்த்தார்கள். அடிப்பள்ளங்களில் நீலச் சீவல்கள் இருந்தன.

இன்ஸ்பெக்டர் போனை எடுத்து, மெக்கானிக்கை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னார். அந்த மூன்று விரல்களைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. நிதானம் திறந்தார், எழுத்தில் புகார் கொடுக்கப் போவதாகவும், ரத்தச் சட்டை தன்னிடம் பத்திரமாக இருப்பதாகவும் சொன்னார். இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மற்றவர்கள் போன பிறகு அறையில் மூன்று பேர்தான் இருந்தார்கள். மைத்துனர் மூக்கில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு, "முதல்லயே புருஷன்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா அத்தான்," என்றார்.

"அந்தப் பட்டியலைக் கேட்டது நான்தான்," என்றாள் அந்தப் பெண்.

"தெரியும்."

"அப்புறம் ஏன் அத்தனை பேர் முன்னாடி சொல்லலை?"

"கொலைகாரன் யாருன்னுதானே என்கிட்ட கேட்டீங்க. அந்தப் பதில்ல நீங்க இல்லை."

"ஆனா வழியைக் காட்டினது நான்தானே."

நிதானம் அவளுக்கு ஆறுதல் சொல்லப் பார்க்கவில்லை. "ஆமா," என்றார். "இன்னும் எத்தனை வழி அங்க திறந்து கிடக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும். எனக்கு அந்த சாஃப்ட்வேர் ஓட்டத் தெரியாது."

மறுநாள் காலை முதலாளி அந்தப் பட்டியலை எடுக்கச் சொன்னார். பத்து நிமிஷத்தில் எடுத்துவிட்டார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். அவளுக்கு மட்டும் தெரியும், பட்டியலை எடுத்தால் கண்ணுக்குத்தான் மறையும். முடிச்சு அப்படியேதான் இருக்கும். ஆஸ்பத்திரியில் புருஷன் கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தான். அவனுக்குக் கொடுத்திருந்த மருந்தில் தூங்கிக்கொண்டிருந்ததால் அவள் வேலைக்கு வந்திருந்தாள். வீட்டு விலாசம் ஒன்றாகவும் புகார் விலாசம் வேறாகவும் இருக்கிற பெண்களை மட்டும் சலித்து எடுத்தாள். இருபத்து மூன்று பேர்.

ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டாள். தண்ணீர் மெஷின் கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, பழைய வீட்டோடு உங்கள் பதிவு சேர்ந்திருக்கிறது, பிரித்துவிடவா என்று கேட்டாள். ஒருத்தி ஹாஸ்டலில் படிக்கிறவள். அப்பாதான் பில் கட்டுகிறார், பிரித்துத் தொலைக்காதீர்கள் என்று சிரித்தாள். இன்னொருத்தி கல்யாணமாகிப் போனவள். ஒருத்தி முதலில் கதவைச் சாத்துகிற சத்தம் போனில் கேட்டது. பிறகு, "பிரிச்சுடுங்க, இப்பவே பிரிச்சுடுங்க," என்றாள். அவள் பிரிக்கிற வரை லைனிலேயே இருந்தாள்.

பதினேழாவது எண்ணை ஓர் ஆண் எடுத்தான்.

பதிவிலிருந்த பெண்ணின் பெயரைச் சொல்லிக் கேட்டாள். "அந்த நம்பரை அவ விட்டுட்டுப் போய் மூணு மாசம் ஆச்சு," என்றான் அவன். மரியாதையான குரல். "நான் அவ வீட்டுக்காரர்தாங்க. நீங்க மெஷின் கம்பெனியா? அப்ப அவ புது விலாசம் உங்ககிட்ட இருக்குமே? குழந்தைக்கு உடம்பு சரியில்லை, அவசரமாப் பார்க்கணும்."

விலாசம் அவள் கண்ணுக்கு எதிரே இருந்தது. போன மாதம் அந்தப் பெண் வேறு போனிலிருந்து பழைய நம்பரைச் சொல்லிப் புகார் கொடுத்தபோது இவளே தட்டச்சு செய்த விலாசம். மாடி: இரண்டு.

"இல்லீங்க," என்றாள். "எங்ககிட்ட எதுவும் இல்லை. உங்க பதிவுல அப்படி யாருமே இல்லை."

பேசிக்கொண்டே முடிச்சை அவிழ்க்கும் பட்டனை அழுத்தினாள். நிச்சயமா என்று திரை ஒரு தடவை கேட்டது. ஆமாம் என்று அழுத்திவிட்டு, அவன் போனை வைக்கும் வரை காத்திருந்தாள்.